லீடியாவிடம் மட்டும் ஆங்கிலம்

மே 6, சனி

செடூபல் வந்து சேர்ந்தேன். லிஸ்பனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஓசூரில் எந்த மெஷினை நிறுவப் போனாலும் முதல் நாளே லாக் எழுத ஆரம்பித்துவிடுவேன்: என்ன வேலை, என்ன நிலைமை, என்ன பாக்கி. இதையும் அப்படியே எழுதுகிறேன். மற்றபடி நான் டைரி எழுதுகிற ஆள் இல்லை.

வேலை: அண்ணன் சுகுமாரின் மகள் இனேஷை ஜூன் கடைசியில் திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போவது. ஆறு வயது. பள்ளிக்கூட லீவு முடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவது.

நிலைமை: சுகு போன செப்டம்பர் தொடக்கத்தில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் மாரடைப்பு வந்து செத்துப்போனான். முப்பத்தெட்டு வயது. இங்கே ஒரு கப்பல் பட்டறையில் இன்ஜினியர். எனக்கு விசா கிடைப்பதற்குள் புதைத்தும் விட்டார்கள். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று ஏழு வருஷம் அம்மா அவனை வீட்டுப் பக்கம் வராதே என்று வைத்திருந்தாள். இப்போது ஆகஸ்ட் கடைசியில் வருகிற முதல் வருஷத் திதிக்குப் பேத்தி வேண்டுமாம். நீ செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "சொல்லி முடிச்சிட்டியா? டிக்கெட்டைப் போடு" என்றாள்.

பாக்கி: பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பச் சம்மதித்து லீடியா போட வேண்டிய கையெழுத்து. அண்ணி என்று கூப்பிட வேண்டும், வாய் வரவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசலில் நின்று பேசுகிற அளவுக்குத்தான். உட்கார வைத்து, உன் பிள்ளையை இரண்டு மாசம் கொடு என்று கேட்கிற அளவுக்கு இல்லை. ஆகவே போர்த்துகீசியம் படிக்க வேண்டும். பாஷைதானே. விதிகள் இருக்கும். கற்றுக்கொண்டுவிடலாம்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. தரைத் தளத்தில் டோனா ஓடெட் என்ற அம்மாள் கஃபே நடத்துகிறாள். அதன் பின்னறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறாள்.

மே 7

உள்ளூர் சிம் வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, நான்தான்" என்றேன். "சுகுவா?" என்றாள். இல்லம்மா, நவநீ என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பயண அலுப்பு, நானும் திருப்பிக் கூப்பிடவில்லை.

மே 10

மூன்றரைக்குப் பள்ளியிலிருந்து இனேஷைக் கூட்டி வருவது, ஏழு மணிக்கு லீடியா வரும்வரை மாடியில் உடன் இருப்பது. இது என் பொறுப்பு என்று முடிவானது. லீடியாவுக்கு உதவி, எனக்கு ஓசி டியூஷன்.

வாத்தியார் ரொம்பக் கண்டிப்பு. விரலால் காட்டிச் சொல்வாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மேசையைத் தட்டி "மேஸா" என்றாள். ஜன்னலுக்கு "ஜனேலா." சாவிக்கு "ஷாவ்." அலமாரிக்கு "அர்மாரியு." சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்து ஒன்று சொன்னாள், அதுவும் கிட்டத்தட்ட பொத்தான்தான். நான் சிரித்துவிட்டேன். நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன சாமான்கள் எங்கள் வீட்டில் அப்படியே கிடக்கின்றன. திண்டுக்கல்லில் தினமும் போர்த்துகீசியம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

நான் தமிழில் திருப்பிச் சொன்னதும் அவளுக்கும் சிரிப்பு. "நீ தப்பாச் சொல்றே. அப்பாவும் இப்படித்தான் தப்பாச் சொல்வாரு."

தப்பில்லை, அது தமிழ் என்று சொல்ல இன்னும் எனக்குப் போர்த்துகீசியம் போதாது.

மே 13

ஓடெட்டிடம் முதல் ஆர்டர். அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "போம் தீயா. உம் காஃபே, சே ஃபாஸ் ஃபாவோர்." அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கப் கழுவிக்கொண்டிருந்தவள், குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். காபி போட்டுக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

என் இலக்கணம் அவ்வளவு மோசமா?

இந்த ஊர்க்காரர்கள் பாதி எழுத்தை முழுங்கிவிட்டுத்தான் பேசுகிறார்கள். நமக்கு அது வராது. எழுதியிருப்பதை எல்லாம் உடைத்து உடைத்துச் சொன்னால்தான் நமக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

மே 18

இன்றைக்கு ஒரு ஜோக் அடித்தேன். பதிவு செய்ய வேண்டிய விஷயம்.

மீன் மார்க்கெட்டில் கணவாய் வாங்கினேன். மீன்காரி, "எந்த நாட்டுக்காரர் நீங்க?" என்றாள். இந்தியா என்றேன். "வாஸ்கோ ட காமா வந்தாரே, அங்கேயா?" என்றாள். "ஆமாம். மிளகு வாங்கிட்டுப் போனார். காசு வாங்க வந்திருக்கேன்" என்றேன். வாக்கியம் முழுதும் இறந்த காலம் நிகழ்காலம் எல்லாம் சரியாக விழுந்தது. அந்த வரிசையே சிரித்தது. பக்கத்துக் கடைக்காரன் ஐஸைத் தட்டி, "இவருக்கு ரெண்டு மீன் சேர்த்துப் போடு, பழைய பாக்கி!" என்றான்.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை: படிப்பில் ரேங்க் எடுத்தபோதுகூட இப்படி இருந்ததில்லை. ஒரு வாரம் முன்பு வெறும் இரைச்சல். இப்போது அந்த இரைச்சலுக்குள் கையை விட்டு ஒரு சிரிப்பை எடுத்துவிட்டேன். கணவாயைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் கடைப் பலகைகளை எல்லாம் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மே 21, ஞாயிறு

லீடியா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். இத்தனை நாளும் அவளிடம் இங்கிலீஷில் ஹலோ, தேங்க்யூவோடு நிறுத்தியிருந்தேன். அரைகுறையாகப் பேசிக் காட்டப் பிடிக்காது, முதலில் சரளமாக ஓடட்டும், பிறகு காட்டலாம் என்று இருந்தேன். இன்றைக்குக் கையெழுத்து விஷயத்துக்கு அஸ்திவாரம் போடலாம் என்று, அவள் அடுப்பைப் பார்த்து நின்றபோது பின்னாலிருந்து முழு வாக்கியமாகச் சொன்னேன்: "லீடியா, உதவி செய்யவா? வெங்காயம் நான் நறுக்கறேன்."

கரண்டி கீழே விழுந்தது. திரும்பவே இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் இனேஷும் சாதத்தைத் தீயவிடாமல் பார்த்துக்கொண்டோம். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "நவநீ. வித் மீ, இங்கிலீஷ். ப்ளீஸ்."

"ஐ ஆம் லேர்னிங்" என்றேன்.

"யெஸ். வெரி குட். வித் அதர்ஸ்."

மே 22

கோபம் தீரவில்லை. மார்க்கெட்டில் சிரிக்கிறார்கள், ஓடெட் கைதட்டுகிறாள், இவளுக்கு மட்டும் என் பேச்சு காதில் ஏறவில்லையாம். சரி. இங்கிலீஷ்.

மே 27

இனேஷுக்கு ஒரு கிறுக்கு விளையாட்டு. சாயங்காலம் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். மேசைவிரிப்பு தரைவரை தொங்குகிறது. நான் மேலே உட்கார்ந்து அவளுடைய கதைப் புத்தகத்தை வாசிக்க வேண்டும். குனிந்து பார்த்தால் கத்துகிறாள்.

"ஏன், என் மூஞ்சி நல்லா இல்லியா?"

"மூஞ்சி பரவாயில்லை. பார்க்காம கேட்டா இன்னும் நல்லா இருக்கு, தியு."

தியு என்றால் மாமா, சித்தப்பா எல்லாமே. எனக்கு நல்ல வாசிப்புப் பயிற்சி. தப்பாகப் படித்தால்கூட திருத்துவதில்லை இப்போதெல்லாம். அப்படியே படி என்கிறாள்.

வேண்டாம் என்பதற்கு நாம் நாக்கைத் தட்டி "ச்சு" என்போமே, அதைச் செய்தேன். மேசைக்கடியிலிருந்து அவளும் செய்தாள். அச்சாக நம் ஊர்ச் ச்சு.

ஜூன் 3

ஓடெட்டிடம் நேராகக் கேட்டேன். நான் பேசினால் லீடியாவுக்கு என்ன பிரச்சினை? என் பாஷை மட்டமா?

ஓடெட் கல்லாவைச் சாத்தினாள். "உனக்கு நிஜமாவே தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"கண்ணை மூடிக்கிட்டா நீ சுகு. அதே குரல். அதே மாதிரி எல்லா எழுத்தையும் கல்லு கல்லா வைக்கிறே. அதே 'ர்'. முதல் நாள் நீ காபி கேட்டப்போ என் உடம்பு சிலிர்த்துடுச்சு. அவன் தினம் காலையில இந்த இடத்துல நின்னு, இதே வார்த்தையைத்தான் கேட்பான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? நீ அவ்வளவு சந்தோஷமா பேசினே."

காபி ஆறிப்போனது. அதை எடுத்துவிட்டு வேறு காபி வைத்தாள்.

அறைக்கு வந்து போனில் என் குரலைப் பதிவு செய்து கேட்டேன். யாரோ ஒரு தமிழன் போர்த்துகீசியம் பேசுகிறான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சுகு இந்தப் பாஷை பேசி நான் கேட்டதே இல்லையே.

ஜூன் 5

லீடியாவிடம் இங்கிலீஷில் சாரி சொன்னேன். நாட் யுவர் ஃபால்ட் என்றாள். பிறகு கையால் என்னவோ காட்டினாள், சொல் கிடைக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்க அந்தச் சொல் என்னிடம் இருந்தது.

ஜூன் 8

பிரச்சினை என்ன என்று தெரிந்தால் சரிசெய்ய வேண்டியதுதானே. உச்சரிப்பை மாற்றிவிட முடிவு. மூன்று நாளாக ரேடியோ செய்தியோடு கூடவே பேசிப் பழகுகிறேன். எழுத்தை முழுங்கு, உதட்டைத் திறக்காதே, 'ர்' தொண்டையில். கொஞ்சம் வந்தது.

இனேஷிடம் சோதித்தேன். மேசைக்கடியிலிருந்து விரிப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் சிவந்து கிடந்தது.

"ஏன் அப்படிப் பேசறே?"

"எல்லாரும் பேசற மாதிரி பேசறேன்."

"எல்லாரும்தான் இருக்காங்களே! நீ ஒழுங்காப் பேசு!"

புத்தகத்தை என் மேல் எறிந்தாள். ஒருத்திக்கு நான் பேசக் கூடாது. ஒருத்திக்கு நான் வேறு மாதிரி பேசக் கூடாது. ஸ்பெசிஃபிகேஷனே முரண். ரேடியோவை ஓடெட்டிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 13

நேற்று சாயங்காலம் புனித அந்தோணியார் திருவிழா. தெருவெல்லாம் கரியடுப்பு, மத்தி மீன் சுடும் புகை, காகிதத் தோரணம். ஓடெட் கஃபே முன்னால் மேசை போட்டிருந்தாள். சின்னத் தொட்டிகளில் ஒரு துளசி வகை விற்கிறார்கள். நான் மூக்கை வைத்து மோந்து பார்க்கப் போனேன். இனேஷ் கையைத் தட்டிவிட்டாள். மூக்கை வைத்தால் செடி வாடிவிடுமாம். உள்ளங்கையால் தடவி, கையைத்தான் மோந்து பார்க்க வேண்டுமாம்.

ஓடெட் வம்பிழுத்தாள். "இன்ஜினியர், மீனுக்கு முள் எடுக்கத் தெரியாதா? டிராயிங் வேணுமா?"

"முள்ளை இருக்கிற இடத்திலேயே விட்டாத்தான் உங்க சமையல்னு ஞாபகம் இருக்கும்" என்றேன். மேசை சிரித்தது. லீடியாவும் அந்த மேசையில்தான் இருந்தாள், எனக்கு முதுகு காட்டி. அவள் தோளும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு ஜோக் அடித்தேன். எழுந்து சுற்றிப்போய்ப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பியர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் வந்தது தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது இனேஷ் கேட்டாள்: "தியு, உங்க ஊர்ல எல்லாரும் அப்பா மாதிரிதான் பேசுவாங்களா?"

"எல்லாரும்."

"பால்காரர்?"

"அவரும்."

"போலீஸ்?"

"போலீஸும். ஊரே அப்படித்தான் பேசும்."

பதில் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னேன்.

ஜூன் 14

இனேஷ் பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். இரண்டு ஸ்வெட்டர், நீச்சலுடை, மேசைவிரிப்பு. லீடியா பார்த்துவிட்டாள்.

ஜூன் 15

கேட்டுவிட்டேன். இங்கிலீஷில் ஆரம்பித்தேன். "யுவர் டாட்டர், டூ மந்த்ஸ்" என்றபோதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது, சந்தையில் வாடகைக்குக் கேட்கிற மாதிரி. லீடியா கையைக் காட்டி நிறுத்தினாள். போர்த்துகீசியத்தில் சொல் என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சொன்னேன். அம்மா தப்பு செய்தாள் என்றும் சொன்னேன். திதி என்றால் என்ன என்று சொன்னேன். செத்தவனுக்குச் சோறு வைக்கிறபோது அவன் பெற்றது அந்த வீட்டில் நிற்க வேண்டும் என்று அம்மா நினைக்கிறாள், செப்டம்பருக்குள் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. என் வாழ்க்கையில் எந்தப் பாஷையிலும் இவ்வளவு நேரம் இவ்வளவு ஒழுங்காகப் பேசியதில்லை.

அவள் பேச ஆரம்பித்தபோது வேகத்தைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் போயிருக்கலாம்.

"அங்கே தெருவிலே போறவங்க எல்லாம் அவ அப்பா மாதிரி பேசுவாங்கன்னு சொல்லியிருக்கே. வீட்டுக்குள்ளே நீ வேற. ரெண்டு மாசம் அவளுக்கு அப்பா இருப்பார். அப்புறம் நான் ஏர்போர்ட்ல நின்னு இந்த வீட்டுக்குக் கூட்டி வரணும். இங்கே யாரும் அப்படிப் பேச மாட்டாங்க. செப்டம்பர்ல ஒரு தடவை அவளை உட்கார வெச்சு சொன்னேன், நவநீ. எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியாது. இன்னொரு தடவை என்னால முடியாது."

"பெரியவளானதும்?"

"பெரியவளானதும் அவளே முடிவு பண்ணட்டும். உங்க அம்மாவை இங்கே வரச் சொல்லு. என் வீட்டுக் கதவை நான் சாத்தல."

அது எனக்கும் பட்டது. பட வேண்டியதுதான். வாதாடவில்லை. வாதாடச் சொற்கள் இருந்தன. பேசப் பேச அவள் இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்வாள் என்று தெரிந்துவிட்டது.

ஜூன் 16

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கையெழுத்துப் போட மாட்டேனுட்டாங்க."

"நான் செஞ்சதுக்குப் பழி வாங்குறாளா?"

"இல்லம்மா. பிள்ளை அங்க வந்தா நம்ம பேச்சுல அவ அப்பனைக் கேக்கும். திரும்ப வந்தப்புறம் அது தாங்காதுன்னு அண்ணி பயப்படுறாங்க."

"நீ முத நா போன் பண்ணப்போ..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

"உன்னை இங்க வரச் சொன்னாங்க."

"நானா? எனக்கு அந்த பாஷை என்ன தெரியும்?"

"எனக்கும் தெரியாமத்தான் வந்தேன்."

"சரி, வை" என்றாள். ஆனால் அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம். பேலன்ஸ் தீர்ந்து அதுவே கட் ஆனது.

ஜூன் 20

இனேஷ் பேசவில்லை. பையிலிருந்த துணியை அண்ணி திரும்ப அடுக்கிவிட்டாள். மேசைவிரிப்பை மட்டும் இனேஷ் தரவில்லை. மேசை மொட்டையாக நிற்கிறது.

ஜூன் 24

மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரி, "பாக்கி வசூல் ஆச்சா?" என்றாள். நல்ல பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. இல்லை என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 27, லிஸ்பன் விமான நிலையம்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் இனேஷைப் பள்ளியில் விட்டேன். வழியெல்லாம் பேச்சில்லை. வாசலில் குனிந்து, படிப்பாயா, சண்டை போடாமல் இருப்பாயா என்று ஏதோ கேட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இன்னும் பேசு" என்றாள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் பேசினேன். கிழமைகள் பெயர் சொன்னேன். மீன்கள் பெயர் சொன்னேன். மணி அடித்தது. கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள்.

பெட்டியோடு சொல்லிக்கொள்ள மாடிக்குப் போனேன். அண்ணி கடைக்கு லீவு போட்டிருந்தாள். சமையலறையில் பூண்டு வதங்குகிற மணம்.

"அண்ணி, ஐ ஆம் லீவிங்" என்றேன். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டேன். அது என்ன என்று அவள் கேட்கவில்லை.

அடுப்பைப் பார்த்தபடியே, போர்த்துகீசியத்தில் சொன்னாள். "ஒண்ணு கேட்கலாமா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிடு."

"கேளுங்க."

"அன்னைக்குக் காலையில போனான். சாயங்காலம் வரலை. தினமும் கதவைத் திறந்ததும் அங்கிருந்தே கத்துவான். 'வந்துட்டேன், என்ன மணக்குது?'ன்னு. எனக்குப் பிடிக்காது, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்னு திட்டுவேன்." கரண்டியை வைத்தாள். "ஒரு தடவை. நான் திரும்ப மாட்டேன்."

நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். படிக்கட்டில் நின்றேன். அந்த வாக்கியம் சுலபம். மூன்றாம் நாளே கற்றுக்கொண்டது. எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலும் வாய்க்கு வரவில்லை. கீழே ஓடெட் யாரையோ திட்டுவது கேட்டது. அது ஓயும்வரை காத்திருந்தேன்.

கதவைத் திறந்தேன். எல்லா எழுத்தையும் விடாமல், பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"ஜா ஷெகேய்! என்ன மணக்குது?"

எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. பிறகு அவள் குரல் வந்தது, நான் இதுவரை கேட்டிராத குரல், எரிச்சலும் செல்லமுமாக.

"கத்தாதே. கை கழுவிட்டு வா."

கை கழுவினேன். சோப்பு போட்டு, மணிக்கட்டுவரை. குழாயை மூடினேன். துண்டில் துடைத்தேன். அங்கேயே நின்றேன். சமையலறைக்குப் போனால் நான்தான் இருப்பேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினேன்.